நோயாளியைப் பார்க்கப் போகுமுன்

நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத்தான அமல். கடையடைத்த கையோடு நாமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். ஆரஞ்சுப் பழத்தோடு நம் கையில் கிருமியும் போகிறது. திரும்பும்போது அங்குள்ள கிருமி வீட்டுக்கு வருகிறது. 2003-ம் ஆண்டு சிங்கப்பூரில் ஸார்ஸ் கண்டவர் 238 பேர். மாண்டவர் 33 பேர். அவர்களில் பெரும்பாலோருக்கு ஆஸ்பத்திரியிலேதான் அது தொற்றிற்று.

"ஒளுச் செய்த கையாயிற்றே" என்பர் சிலர். சரிதான், அதற்குப்பின் எத்தனை காசையும் கதவையும் லிஃப்ட் பொத்தானையும் தொட்டோம்? கட்டிலருகே போகுமுன்னும், விட்டு வந்ததும் கையைச் சுத்தம் செய்யவேண்டும். அங்கு வைத்துள்ள கைமருந்தில் ஆல்கஹால் உண்டென்று ஒதுங்குவோரைக் கண்டிருக்கிறோம். கிருமியைக் கொல்ல அதை வெளியே பூசலாமென்று 2002-ல் மக்காவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் சபை கூறிவிட்டது. ஆனால் சிலவகைப் பேதிக் கிருமி அதற்குச் சாகாது; பேதி கண்டவரைப் பார்த்துவந்தால் சவர்க்காரமிட்டுத் தண்ணீரில்தான் கழுவவேண்டும்.

ஆபரேஷனாகி வீடு வந்தவருக்குப் புண் சிவந்து, சீழோ காய்ச்சலோ கண்டால், மிஞ்சிக் கிடக்கும் பழைய மாத்திரையைக் கொடுக்கக்கூடாது. ஆஸ்பத்திரிக் கிருமிகளில் சில வழக்கமான மருந்துக்கு அடங்கா. சீழைச் சோதித்து, எந்த மருந்துக்கு அடங்குமென்று டாக்டர்தான் சொல்லவேண்டும்.

நமக்கே இருமலென்றால் அன்று போகவேண்டாம். டெலிபோனில் விசாரித்து துஆச் செய்வோம்.