புகைப்படமும் நற்காட்சியும்

புனேயிலிருந்து மும்பை செல்லும் இருப்புப்பாதையில், ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில் மளவ்லி என்னும் சிறு நிலையம் உளது. அதற்கு வடபால் மலையில் கார்லே குகைகளும், தென்பால் மலையில் பாஜா குகைகளும் விளங்குகின்றன. இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்னர்ப் பௌத்த பிக்குகள் உறைந்த இடங்கள் இவை.

இவ்விடங்கட்கு யாத்திரை செல்லும் நம் உபாசக உபாசிகைகள் பலரும் இந்நாளில் படக்கருவியுடனேயே செல்கின்றனர். எடுத்த படங்களை மேகம், அருவி, ஒளிவட்டம் ஆகியவற்றோடு இணைத்துப் பக்திச் சித்திரங்களாக்கி இல்லத்தில் மாட்டுவோரும் உளர். இது தம்மத்திற்கு உகந்ததா? உகந்ததாயின் எம்முறையில் செய்தல் வேண்டும்? இவ்விரண்டையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

பஞ்சசீலத்துள் நான்காவது பொய் கூறாமை. வாயினாற் கூறுவது மட்டுமே கூற்றன்று. பார்ப்பவருக்கு ஒன்றை உணர்த்துகின்ற படமும் கூற்றேயாகும். ஆதலின் நல்வாய்மை நாவிற்கு எத்துணை வேண்டுமோ, அத்துணை படக்கருவிக்கும் வேண்டும்.

இதற்கு ஒரு சான்று காண்போம். லீ கௌதமி அம்மையார் 1906-ஆம் ஆண்டு மும்பையில் ஒரு பார்சிக் குடும்பத்திற் பிறந்தவர். சாந்திநிகேதனத்தில் ஓவியம் பயின்றவர். புகைப்படக் கலையிலும் வல்லவர். 1947-இல் லாமா அநாகரிக கோவிந்தரை மணந்தார். அடுத்த ஆண்டு இருவரும் மேற்குத் திபெத்திலுள்ள சாபராங் என்னும் பாழ்பட்ட பழந்தலைநகரை அடைந்தனர். கடுங்குளிரில் பல வாரம் தங்கி, அம்மையார் ஆலயச் சுவரோவியங்களைக் கோடு பிசகாமற் பிரதி செய்தார். படிமங்களைப் புகைப்படம் எடுத்தார். 1966-இல் தொடங்கிய சீனப் பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் அப்படிமங்கள் சிதைக்கப்பட்டன. அவை எவ்வாறு இருந்தன என்பதை அறிய இன்று அம்மையாரின் படங்கள் பெரிதும் துணையாகின்றன. தம் கற்பனைக்கேற்ப அவர் அவற்றை மாற்றியிருப்பின், அச்சான்று நமக்குக் கிட்டியிராது. பக்தியும் உண்மையும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதை இதனால் உணர்கின்றோம்.

இனிக் கார்லேக்குத் திரும்புவோம். அங்குள்ள பெரிய சைத்தியம் ஏறக்குறைய 124 அடி நீளமும் 45 அடி அகலமும் உடையது. கூரையின் அடியில் பண்டை மரச்சட்டங்கள் இன்றும் உள்ளன. மண்டபத்தின் கோடியில் நிற்பது தூபி. புத்தர் பெருமானின் உருவம் அதில் இல்லை. அக்காலத்துப் பௌத்தர் பெருமானை உருவாக அமைக்காது, தூபி, தருமசக்கரம், போதிமரம் முதலிய குறிகளால் நினைந்தனர். முகப்பிற் காணும் புத்த உருவங்கள் பிற்காலத்துச் சேர்க்கை. சிலர் இத்தூபியின் படத்தில் ஒரு புத்த உருவத்தைப் பொருத்திவிடுகின்றனர். கருத்து நல்லதே; எனினும் முன்னோர் உருவமின்றியே நினைந்த நினைவு அப்படத்தில் மறைந்துபோகின்றது.

உருவ வழிபாடு தவறென்று யாம் கூறவில்லை. இதே இருப்புப்பாதையில், புனேக்கு அண்மையிலுள்ள தேஹு ரோடு விகாரையில், 1954 டிசம்பர் 25-ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் இரங்கூனிலிருந்து வந்த புத்தர் சிலையை நிறுவினார். அங்கே உருவம் உண்மை; கார்லேயில் தூபி உண்மை. ஒவ்வொன்றையும் அதனதன் இடத்திற் காண்பதே நற்காட்சி.

கார்லேயில் மற்றொன்றும் காணத்தக்கது. தூண்களிலும் வாயிலிலும் கொடையாளரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. வைஜயந்தி நகரத்து வணிகர் பூதபாலர் அவருள் ஒருவர். தேனுகாகடம் என்னும் ஊரைச் சேர்ந்த சாமி என்னும் தச்சரும், வாசனைப் பொருள் விற்கும் சிம்மதத்தரும், யவனர் சிலரும் உளர். கைத்தொழில் செய்து உண்டவரின் பெயர் மலையில் நிலைபெற்றிருக்கின்றது. தம் முன்னோர்க்கு வரலாறே இல்லை என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த நம்மனோர்க்கு, அத்தச்சரின் பெயரைக் காட்டும் ஒரு படம் ஆயிரம் ஒளிவட்டங்களினும் மேலானது.

இயற்கையைப் படம் எடுப்பதும் தியானமாகலாம். பாஜாவின் சைத்தியம் மேற்கு நோக்கியது. மாலைக் கதிரவனின் ஒளி அதன் திறந்த முகப்பினூடே புகுந்து, தூண்களின்மீது நகர்ந்து மறைகின்றது. மழைக்காலத்தில் அருகே வீழும் அருவி கோடையில் வற்றிவிடுகின்றது. பாறையும் மெல்லத் தேய்கின்றது. அநித்தியம் என்னும் பாடத்தை இவற்றினும் தெளிவாகக் கற்பிக்கும் ஆசிரியர் யார்?

ஆகவே யாத்திரை செல்லும் அன்பர்கள் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டுகின்றோம்:

1. சைத்தியத்துள் நுழைந்தவுடன் படம் எடுக்கற்க. சிறிது நேரம் மூச்சைக் கவனித்து அமர்ந்து, பின்னரே கருவியைக் கையில் எடுக்க.

2. தூபிக்கு முதுகு காட்டி நம் முகத்தைப் படமெடுத்தலைத் தவிர்க்க.

3. பல படங்களை இணைத்துச் சித்திரம் ஆக்கின், அது இணைப்பென்று கீழே எழுதுக. இடத்தின் பெயரையும் நாளையும் குறிக்க.

4. கார்லே சைத்தியத்தின் முன் ஏகவீரா தேவி கோயில் உளது. அங்கு வழிபட வருவோர்க்கு இடையூறு செய்யாது, அவர் இசைவின்றி அவரைப் படம் எடாதிருக்க.

5. இல்லம் திரும்பியபின் பல படங்களுள் ஒன்றைத் தேர்ந்து, அதில் கண்டதைப் பிள்ளைகட்கு எடுத்துரைக்க.

படம் தாளில் மங்கிவிடும். அதனை எடுக்கும்பொழுது நாம் எய்திய அமைதியும், அதனைக் காட்டும்பொழுது நாம் காத்த வாய்மையும் நம் வாழ்விற் பயன் தரும். அத்தகைய படத்தையே தம்ம சித்திரம் என்று யாம் கருதுகின்றோம்.