கரும்புப் பணத்தில் கம்ப்யூட்டர்: மேக்கா, விண்டோஸா?

கச்சிராயபாளையத்தில் இருக்கும் கள்ளக்குறிச்சி-2 கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பும் வீடுகளில், பெரிய தொகை என்று ஒன்று கைக்கு வருவது வெட்டு முடிந்த பிறகுதான். உரக்கடன் அடைப்பது, நகை திருப்புவது, கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்குவது எல்லாம் அந்தப் பணத்திலேயே நடக்க வேண்டும். பொருத்தமில்லாத ஒன்றை வாங்கிவிட்டால் அடுத்த வெட்டு வரைக்கும் மாற்ற முடியாது. அப்படிப்பட்ட வீடுகளுக்காக இந்தக் குறிப்புகள்.

1. கடைக்குப் போகும் முன் கல்லூரி அலுவலகத்துக்குப் போங்கள். இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது கைக்கணினி தரப்போவதாகத் தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. உங்கள் பிள்ளையின் பெயர் பட்டியலில் இருக்கிறதா, எப்போது கிடைக்கும் என்று கேட்டுவிட்டு மற்றதை யோசியுங்கள்.

2. எந்தக் கம்ப்யூட்டர் என்பதைப் படிப்பும் தொழிலும்தான் முடிவு செய்ய வேண்டும். பி.காம். படிக்கும் பிள்ளைக்கு டேலி தேவை. டேலிபிரைம் விண்டோஸில் ஓடுவது, மேக்குக்கென்று தனிப்பதிப்பு கிடையாது. மெக்கானிக்கல் படிப்பவருக்கு சாலிட்வொர்க்ஸ் சொல்லித் தருவார்கள். அதுவும் விண்டோஸ் மட்டும். கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோக்களில் பரவலாக இருக்கும் எடியஸும் அப்படித்தான். பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கும் டிடிபி கடையில் இன்னும் பேஜ்மேக்கர் கோப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. பேஜ்மேக்கர் இன்றைய மேக்கில் ஓடாது. இ-சேவை மாதிரியான வேலைக்கு வைக்கும் கைரேகைக் கருவிகளும் பெரும்பாலும் விண்டோஸையும் ஆண்ட்ராய்டையும் நம்பித்தான் வருகின்றன. மேக்குக்குள் விண்டோஸைப் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பி இறங்காதீர்கள். பழைய இன்டெல் மேக்கில் இருந்த பூட்கேம்ப் வசதி, ஆப்பிளின் சொந்த எம் வகை சிப் வந்த பிறகு இல்லை. இடையில் வேறொரு மென்பொருளைப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். பட்ஜெட் பார்க்கும் வீட்டுக்கு அது வீண் சுற்று.

3. மேக் வாங்குவதில் நியாயம் இருக்கும் இடங்களும் உண்டு. ஐபோன் செயலி எழுதக் கற்பவருக்கு எக்ஸ்கோட் வேண்டும், அது மேக்கில் மட்டும்தான். ஃபைனல் கட்டில் எடிட்டிங் படிப்பவருக்கும் விண்டோஸ் உதவாது. பைத்தான், ஜாவா, வலைத்தள வேலை என்று போகும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பும் மாணவருக்கு மேக்புக் ஏர் பெரிய உதவி: எடை 1.24 கிலோ, விசிறிச் சத்தம் கிடையாது, சாதாரண வகுப்பு வேலைக்கு ஒரு பகல் முழுதும் சார்ஜ் நிற்கும்.

4. விலையை அடுக்கிப் பாருங்கள். எம்4 மேக்புக் ஏர் 2025 மார்ச்சில் வந்தபோது இந்தியாவில் ஆரம்ப விலை 99,900 ரூபாய். எம்4 மேக் மினி 2024-ல் 59,900 ரூபாய்க்கு வந்தது. ஆனால் அதில் திரை, கீபோர்டு, மவுஸ் எதுவும் இல்லை, யூபிஎஸ்ஸும் தனி. வீட்டிலோ கடையிலோ ஒரே இடத்தில் வைத்து வேலை செய்பவருக்கு மினிதான் மேக் உலகத்துக்குள் நுழைய நல்ல வாசல். கல்லூரி மாணவர் என்றால் ஆப்பிளின் மாணவர் விலையைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

5. ஐம்பதாயிரத்துக்குள் புதிய லேப்டாப் என்றால் விண்டோஸ்தான் என் யோசனை. அதில் 16 ஜிபி ரேம் கிடைத்தால் நல்லது, 8-க்குக் குறைந்து வாங்கவே கூடாது. 512 ஜிபி எஸ்எஸ்டி இருக்கட்டும். செலரான் சிப்பும் 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பும் உள்ள மலிவு லேப்டாப்பைத் தள்ளுபடியில் தந்தாலும் வேண்டாம். ஒரு வருடத்து அப்டேட்டிலேயே மூச்சு முட்டும். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "ரேம் பின்னால ஏத்த முடியுமா, ஸ்லாட் காலியா இருக்கா?" மெலிந்த மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். இன்றைய மேக்குகளிலும் ரேமைப் பிறகு ஏற்ற முடியாது. வாங்கும்போது எடுத்த அளவுதான் கடைசி வரைக்கும்.

6. ரைசன் சிப் பெயரில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, கடைகளில் இதை எடுத்துச் சொல்பவர் குறைவு. 7000 வரிசை லேப்டாப் சிப்களில் மூன்றாவது எண்ணைப் பாருங்கள். 7520யூ என்றால் மூன்றாவது எண் 2, அதாவது உள்ளே இருப்பது பழைய ஜென் 2 வடிவமைப்பு. 7530யூ என்றால் ஜென் 3. இரண்டின் பெட்டியிலும் "ரைசன் 5" என்றே அச்சடித்திருக்கும். விலை ஒன்றாக இருந்தால் 7530யூவை எடுங்கள்.

7. பழைய மேக் இருபத்தைந்தாயிரத்துக்கு வருகிறது என்று யாராவது கூப்பிட்டால், திரையின் இடது மூலை ஆப்பிள் குறியை அழுத்தி "அபவுட் திஸ் மேக்" பாருங்கள். இன்டெல் என்று இருந்தால் விட்டுவிடுங்கள். 2025-ல் வந்த மேக்ஓஎஸ் டாஹோதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிளே அறிவித்துவிட்டது. எம்1 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் பேசலாம். அப்போதும் விற்பவர் உங்கள் கண்முன்னால் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, எல்லாவற்றையும் அழித்து, புதிதாகத் திறந்து காட்ட வேண்டும். இல்லையென்றால் பூட்டு விழுந்து வெறும் தகரமாகிவிடும். கம்பெனி நிர்வாகத்தில் இருப்பதாகத் திரையில் ஏதாவது வந்தாலும் வாங்காதீர்கள். பேட்டரி சுழற்சி எண்ணையும் பாருங்கள். மேக்புக் பேட்டரிக்கு ஆப்பிள் வைத்திருக்கும் கணக்கு 1000.

8. செகண்ட் ஹேண்ட் விண்டோஸ் லேப்டாப் என்றால் இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல், டிபிஎம் 2.0 உள்ளதாக இருக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத ஒன்றைப் பணம் கொடுத்து வாங்குவது வீண்.

9. தமிழில் தட்டச்சு செய்ய இரண்டிலும் கவலையில்லை. மேக்கில் தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் கூடவே வருகின்றன; மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துருவும் அதில் உண்டு. விண்டோஸ் 11-லும் தமிழ்99 இருக்கிறது. சிக்கல் பழைய எழுத்துருக்களில்தான். பாமினி, வானவில் அவ்வையாரில் அடித்த கோப்புகளோடு தினமும் புழங்க வேண்டிய வேலை என்றால் விண்டோஸே வசதி.

10. சர்வீஸ் எங்கே என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள். விண்டோஸ் லேப்டாப்பில் கீபோர்டு போனாலும் கீல் உடைந்தாலும் கள்ளக்குறிச்சியில் கழற்றிப் பார்க்க ஆள் உண்டு. மேக் என்றால் ஆப்பிள் அங்கீகரித்த சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்று ஆப்பிளின் தளத்தில் பார்த்து, போய்வரும் பஸ் செலவையும் ஒரு நாள் வேலை கெடுவதையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் சில கம்பெனிகள் வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் வாரண்டி தருகின்றன. உங்கள் பின்கோடு அதில் அடங்குமா என்று கேளுங்கள்.

11. வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் கல்வராயன் மலையில் குடியிருப்பவர்களுக்கு: புது லேப்டாப்பைப் பிரிக்காமல் மேலே கொண்டுபோகாதீர்கள். விண்டோஸ் 11 ஹோம் முதல் முறை திறக்கும்போதே இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கும். கடையிலேயே உட்கார்ந்து கணக்கு தொடங்கி, அப்டேட் எல்லாம் இறக்கிவிட்டுக் கிளம்புங்கள். பிறகு செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டும்போது அந்த இணைப்பை "மீட்டர்டு" என்று குறித்துவிட்டால், அன்றைய டேட்டாவை அப்டேட் தின்னாது. மேக்கில் இதற்கு "லோ டேட்டா மோட்". கரண்ட் அடிக்கடி போகும் வீட்டுக்கு மேசைக் கம்ப்யூட்டரைவிட லேப்டாப் மேல். இடி இடித்தால் அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள்.

12. பென்டிரைவை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்யுங்கள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் இருந்தால் மேக் படிக்கும், எழுதாது.

13. ஆபீஸ் மென்பொருளுக்குத் தனியே பணம் கேட்டால், லேப்டாப்போடு வாழ்நாள் உரிமம் வருகிறதா என்று பெட்டியில் பாருங்கள். வராவிட்டால் லிப்ரே ஆபீஸ் இலவசம், தமிழ் முகப்போடும் கிடைக்கும். "கிராக்" போட்டுத் தருகிறோம் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்; அதோடு சேர்ந்து வைரஸும் உள்ளே வரும். வங்கிக் கணக்கும் பிள்ளையின் சான்றிதழ்களும் அதே லேப்டாப்பில்தானே இருக்கப்போகின்றன?

14. கரும்புப் பணம் வரும்வரை காத்திருக்க முடியாதவர்கள் கல்விக் கடனைப் பாருங்கள். படிப்புக்குத் தேவையென்றால் நியாயமான விலையில் கம்ப்யூட்டர் வாங்கும் செலவையும் வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் ஏற்கிறது. கடைக் கொட்டேஷனை முதல் விண்ணப்பத்தோடேயே கொடுங்கள்.

15. பரணில் 2011-க்குப் பிறகு அரசு தன் இலவசத் திட்டத்தில் கொடுத்த லேப்டாப் எதுவும் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். அந்தத் திட்டத்தின் லேப்டாப்புகள் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே வந்தவை; சென்னை சி-டாக் உருவாக்கியது அது. எஸ்எஸ்டி ஒன்று மாற்றி, இலகுவான லினக்ஸ் ஏற்றினால் பள்ளிக்கூடப் பிள்ளை தட்டச்சும் கணக்கும் பழகத் தாராளமாகப் போதும்.

16. பில்லில் மாடல் பெயரோடு சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். கடை வைத்திருப்பவர்கள் தங்கள் ஜிஎஸ்டி எண்ணைச் சொல்லி பில் வாங்கினால் கம்ப்யூட்டருக்கான 18 சதவீத வரியை உள்ளீட்டு வரவாக எடுக்கலாம். காம்போசிஷன் முறையில் இருப்பவருக்கு அது கிடையாது. பில்லைச் செல்போனில் படம் பிடித்து உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். வெப்பத்தாள் பில் ஆறேழு மாதத்தில் வெளுத்துவிடும், வாரண்டி கேட்கும்போது கையில் ஒன்றும் இருக்காது.