கருக்கலைப்புச் சட்டம்: நம் பகுதிக்குத் தெரிய வேண்டியவை



எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிக்கிறவளுக்கு இந்தத் தலைப்பு எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அதனால் எங்கள் லைன் வீடுகளில் ஆஸ்பத்திரிச் சீட்டு, ரேஷன் மனு எல்லாம் என்னிடம்தான் வரும். சென்ற வருடம், ஓசூர் சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகும் ஒரு அக்கா, இரண்டு பிள்ளைகளின் தாய், "நாள் தள்ளிப் போச்சு. கலைச்சா போலீஸ் புடிக்குமாமே, நெஜமா?" என்று கேட்டார். அதற்காகத் தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

சட்டம் வந்த கதை

1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 312-வது பிரிவுப்படி, தாயின் உயிரைக் காப்பாற்ற அன்றி வேறு எதற்காகக் கருவைக் கலைத்தாலும் குற்றம். கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் சிறை. ஆனாலும் கலைப்பு நிற்கவில்லை. மறைவாக நடந்தது, உயிர்கள் போயின. 1964-இல் சாந்திலால் ஷா தலைமையில் குழு அமைத்தார்கள். 1966-இல் அதன் அறிக்கை வந்தது. 1971-இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

பழைய தண்டனைச் சட்டம் 2024 ஜூலை 1-உடன் போய்விட்டது. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 88-வது பிரிவிலும் அதே குற்றம் இருக்கிறது. ஆனால் 1971 சட்டத்தின்படி, தகுதியுள்ள டாக்டர், உரிய இடத்தில் செய்தால் குற்றமே இல்லை.

வாரக் கணக்கு

2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி:

1. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். பெண்ணின் உயிருக்கோ, உடல் நலத்துக்கோ, மன நலத்துக்கோ கடும் பாதிப்பு வரும் என்றால் செய்யலாம். கருத்தடை முறை தோற்றுப்போனதும் இதில் அடங்கும். பெண்ணின் வாழ்க்கைச் சூழ்நிலையையும் டாக்டர் கணக்கில் எடுக்கலாம்.

2. 20 முதல் 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் வேண்டும். பலாத்காரத்துக்கு ஆளானவர்கள், 18 வயது நிரம்பாதவர்கள், கர்ப்ப காலத்தில் விதவையானவர்கள், விவாகரத்தானவர்கள் போன்றோருக்கு இது உண்டு. மணமாகாத பெண்களையும் விலக்கக் கூடாது என்று 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

3. அதற்கு மேல், கருவில் பெரிய குறைபாடு இருந்தால் மருத்துவ வாரியம் முடிவு செய்யும். பெண்ணின் உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டும் என்றால் வார வரம்பே கிடையாது.

யார் கையெழுத்து?

18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும். கணவர் கையெழுத்து சட்டத்தில் இல்லை. அந்த அக்காவை ஒரு தனியார் கிளினிக்கில் "புருஷனைக் கூட்டிட்டு வா" என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் லாரியோடு வடக்கே போயிருந்தார். மூன்று வாரம் வீணானது. பிறகுதான் அரசு மருத்துவமனைக்குப் போய், நல்லபடியாகத் திரும்பினார்.

18-க்குக் கீழ் என்றால் பாதுகாவலரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். போக்சோ சட்டப்படி டாக்டர் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் பெயரைச் சொல்லத் தேவையில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. சட்டம் அனுமதிக்காத யாரிடமும் பெண்ணின் பெயரை டாக்டர் வெளியிட்டால் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ உண்டு.

இரண்டு சட்டங்களைக் குழப்பாதீர்கள்

பயம் எங்கிருந்து வருகிறது? ஸ்கேன் சென்டர்களில் "கருவின் பாலினம் அறிவது குற்றம்" என்ற போர்டு இருக்கும். அது 1994-இல் வந்த வேறு சட்டம். பெண் சிசுக்கொலைக்காகப் பெயர் கெட்ட பழைய தர்மபுரி மாவட்டத்தில் இருந்துதான் 2004-இல் நம் கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆகவே அந்தச் சட்டம் நமக்கு மிக அவசியம். ஆனால் அது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத்தான் தடுக்கிறது. எல்லாக் கலைப்பும் குற்றம் என்று அதற்கு அர்த்தமில்லை.

எங்கே போவது?

இது மத்திய சட்டம். ஓசூரிலும் எல்லை தாண்டி அத்திப்பள்ளியிலும் ஒரே விதிதான். அரசு மருத்துவமனைக்குத் தனி அனுமதி தேவையில்லை. தனியாருக்கு அனுமதிச் சான்று வேண்டும், அதைச் சுவரில் மாட்டியிருக்க வேண்டும். பயிற்சி பெற்ற டாக்டர் எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருப்பதில்லை. அஞ்செட்டி, தளி பக்கத்துப் பெண்கள் ஓசூருக்கோ கிருஷ்ணகிரிக்கோ வர, ஒரு நாள் கூலியை விட வேண்டியிருக்கிறது. அதனால்தான் பலர் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள். அந்த மாத்திரை 9 வாரம் வரைதான், அதுவும் டாக்டர் பார்வையில்தான். கர்ப்பம் கருப்பைக்கு வெளியே இருந்தால் மாத்திரை கேட்காது, உயிருக்கே ஆபத்து.

நண்பர்களே, சட்டம் வாரத்தை எண்ணுகிறது. பயமும் அறியாமையும் அந்த வாரங்களைத் தின்கின்றன. சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம். இந்தப் பக்கத்தை உங்கள் அம்மாவுக்கோ, அக்காவுக்கோ, பக்கத்து வீட்டில் படிக்கத் தெரியாத ஒருவருக்கோ வாசித்துக் காட்டுங்கள். நாள் தள்ளினால், பேச்சைத் தள்ளிப் போடாதீர்கள்.