ஏசிஎல் கிழிந்தால் உடனே ஆபரேஷனா?

கேள்வி: எனக்கு வயது 41. திண்டுக்கல் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் ஸ்கூட்டர் சறுக்கியபோது இடது காலை ஊன்றினேன். முட்டி திருகி, 'டப்' என்று சத்தம் கேட்டது. அன்று மாலைக்குள் நன்றாக வீங்கிவிட்டது. முட்டியில் ஏசிஎல் தசைநார் முழுக்கக் கிழிந்திருக்கிறது, எம்சிஎல் தசைநார் பாதி கிழிந்திருக்கிறது, மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்புக்கு ஒன்றும் இல்லை என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. ஒரு டாக்டர் உடனே ஆபரேஷன் என்கிறார். இன்னொருவர் மூன்று மாதம் பிசியோதெரபி செய்து பார்க்கலாம் என்கிறார். மாமியாரோ கட்டுப் போடும் வைத்தியரிடம் போகச் சொல்கிறார். தள்ளிப்போட்டால் முட்டி கெட்டுவிடுமா? வண்டி எப்போது ஓட்டலாம்?
- ஒரு வாசகி

பதில்: முட்டியைத் தொட்டுப் பார்க்காமல் கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்கிறேன். நீங்கள் எழுதியபடியே நிலைமை இருந்தால், என் வாக்கு இரண்டாவது டாக்டருக்கே. ஆபரேஷன் செய்வதே என் தொழில் என்றாலும் இதைத் தயங்காமல் சொல்வேன்.

முதலில் எம்சிஎல். அது முட்டியின் உட்பக்கத்தில், மூட்டுக்கு வெளியே இருக்கிறது. ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் பாதிக் கிழிசல் பெரும்பாலும் பிரேஸ் போட்டாலே ஆறிவிடும். ஏசிஎல் அப்படியல்ல. அது மூட்டுக்கு நடுவே, மூட்டுத் திரவத்தில் நனைந்தபடி இருக்கிறது. முழுக்கக் கிழிந்தால் தானாக ஒட்டுவது கடினம். சிலருக்கு ஒட்டுவதும் உண்டு, ஆனால் அதை நம்பி நாம் திட்டம் போட முடியாது.

அப்படியானால் ஆபரேஷன்தானே என்று கேட்பீர்கள். ஏசிஎல் இல்லாமலே பலரால் நன்றாக நடக்கவும் வேலை செய்யவும் முடிகிறது. நேராக நடப்பதற்கு அது அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. ஓடிக்கொண்டே திரும்பும்போதும், ஒற்றைக் காலில் உடம்பைத் திருப்பும்போதும்தான் அதன் வேலை தெரியும். தொடைத் தசைகள் வலுவாக இருந்தால் அந்த வேலையில் பெரும்பகுதியை அவை ஏற்றுக்கொள்ளும்.

ஸ்வீடனில் 18 முதல் 35 வயதுக்குட்பட்ட 121 பேரை வைத்து நடந்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்குச் சீக்கிரமே ஆபரேஷன் செய்தார்கள். மற்றப் பிரிவினருக்கு உடற்பயிற்சி கொடுத்து, தேவைப்பட்டால் மட்டும் பிறகு ஆபரேஷன் என்றார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது வலியிலும் நடமாட்டத்திலும் இரு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பயிற்சிப் பிரிவில் ஐந்தாண்டுக்குள் ஏறத்தாழ பாதிப் பேர் ஆபரேஷனுக்குப் போனார்கள். மீதிப் பாதிக்கு அது தேவைப்படவே இல்லை. எதிர்ப்பக்கச் சான்றையும் சொல்லிவிடுகிறேன். அடிபட்டுப் பல மாதம் கழிந்தும் முட்டி நழுவிக்கொண்டிருந்த 316 பேரை பிரிட்டனில் ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டார்கள். அவர்களுக்கு ஆபரேஷன்தான் கூடுதல் பலன் தந்தது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் உங்களுக்கான வழி தெரிகிறது. ஸ்கேன் படத்தைவிட, நடக்கும்போதும் படி இறங்கும்போதும் முட்டி நழுவுகிறதா என்பதுதான் முக்கியம். பயிற்சிக்குப் பிறகும் நழுவினால் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். ஒவ்வொரு முறை நழுவும்போதும் நல்ல நிலையில் இருக்கும் மெனிஸ்கஸ் கிழியும் அபாயம் உண்டு. நான் கவலைப்படுவது அதைப் பற்றித்தான்.

கபடி, கால்பந்து ஆடும் இருபது வயதுப் பிள்ளை என்றால் வேறு மாதிரிப் பேசியிருப்பேன். மறுபடி களத்தில் இறங்க வேண்டியவர்களுக்குச் சீக்கிரம் ஆபரேஷன் செய்வதே நல்லது. வெளிப்பக்கத் தசைநார்களும் சேர்ந்து கிழிந்தவர்களும், மெனிஸ்கஸ் மடங்கிச் சிக்கிக்கொண்டு காலை நீட்டவே முடியாதவர்களும் காத்திருக்கக் கூடாது.

ஆபரேஷன் என்றால் கிழிந்ததைத் தைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ தசைநாண் எடுத்து, எலும்பில் துளையிட்டு, புதிதாக ஒன்றைப் பொருத்துகிறோம். அதன் பிறகும் மாதக்கணக்கில் அதே பயிற்சிகள்தான். விளையாட்டுக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது ஆகும். வீங்கி விறைத்த முட்டியில் அவசரமாகச் செய்தால் மூட்டு இறுகிப்போகலாம். அதனால் இப்போது செய்யும் பயிற்சி எந்த வழியில் போனாலும் வீணாகாது. பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானமே வராது என்று இரண்டு வழியிலும் யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இந்த வாரமே தொடங்குங்கள். இதமாக இருக்கிறதென்று முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்காதீர்கள். கால் மடங்கியபடியே இறுகிவிடும். குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முட்டியைக் கீழே அழுத்தித் தொடையை இறுக்கி விடுங்கள். கால் முழுக்க நீள்வதுதான் முதல் இலக்கு. அப்புறம் நிற்கும் சைக்கிள், பாதி உட்காருதல், படி ஏறுதல், ஒற்றைக் காலில் நிற்றல் என்று பிசியோதெரபிஸ்ட் கூட்டிக்கொண்டே போவார். வலது தொடையின் வலுவில் பத்தில் ஒன்பது பங்காவது இடது தொடைக்கு வரும்வரை விடாதீர்கள்.

மாமியாரிடம் அன்பாகவே சொல்லுங்கள்: மூட்டுக்குள் கிழிந்த தசைநாரை எந்தக் கட்டும் சேர்க்காது. இறுக்கிக் கட்டி வாரக்கணக்கில் அசையாமல் வைத்தால் தொடை மெலிந்துவிடும். உருவி விடுவதும் இழுத்து நீட்டுவதும் அறவே வேண்டாம்.

வீக்கம் வடிந்து, நொண்டாமல் நடக்க வந்ததும் பள்ளிக்குப் போகலாம். கொஞ்ச நாளைக்கு உட்கார்ந்தே பாடம் நடத்துங்கள். ஸ்கூட்டருக்கு மட்டும் பொறுத்திருங்கள். வண்டி சாய்ந்தால் நீங்கள் ஊன்றப்போவது அதே இடது காலைத்தான். அந்த ஒற்றைக் காலில் தடுமாறாமல் நிற்கவும், அதே காலில் படி இறங்கவும் முடிகிறது என்று பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொன்ன பிறகு சாவியை எடுங்கள்.