கைதட்டுகிறவன் பெயர் எந்த நோட்டில்?

(இரண்டாம் ஆண்டு, பீங்கான் தொழில்நுட்பம். ஊர்: நல்லூர்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "டனல் கில்ன் பற்றி எழுதேன்டா" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அதை எப்படியும் பரீட்சையில் எழுதத்தான் போகிறோம். எனக்குப் பிடித்தது புட்பால். ஒரு கால்பந்து அணியின் ரசிகர்கள் தங்களுக்கென்று சுதந்திரமான சங்கம் ஒன்றை அமைத்துக்கொள்வது எப்படி, அது எதற்கு என்பதை இங்கே காண்போம்.

2019 மார்ச் 9, சனிக்கிழமை. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். மாமா அங்கே பவுண்டரியில் வேலை பார்த்தார். சின்னப் பையனான என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். சென்னை சிட்டி அணிக்கும் மினர்வா பஞ்சாபுக்கும் ஐ-லீக் கடைசி ஆட்டம். பெயரில்தான் சென்னை, சொந்த மைதானம் கோவைதான். முதல் பாதியில் மினர்வா ஒரு கோல் முன்னால். மாமா பேசவே இல்லை. இடைவேளைக்குப் பிறகு பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அப்புறம் கௌரவ் போரா இரண்டு கோல். 3-1! நமக்கு 43 புள்ளி, அதே நேரம் கோழிக்கோட்டில் ஜெயித்த ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஐ-லீக் கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது அதுவே முதல் தடவை. அன்று எனக்குத் தொண்டை கட்டி இரண்டு நாள் பேச்சு வரவில்லை.

2020-21 பருவத்துக்குப் பிறகு அந்த அணி ஐ-லீக்கிலேயே இல்லை. 1946-ல் தொடங்கிய அணி, சாம்பியன் ஆன இரண்டே வருஷத்தில் பட்டியலில் இருந்து போய்விட்டது. காரணம் ஆயிரம் இருக்கட்டும். நான் கேட்பது ஒன்றுதான்: இதைப் பற்றி யாரிடம் கேட்டிருப்பார்கள்? உரிமையாளரிடம் பங்கு இருந்தது. 2019-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் அணி 26 சதவீதம் வாங்கியிருந்தது. (நம் கம்பெனிச் சட்டப்படி சிறப்புத் தீர்மானத்துக்கு நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும். 26 சதவீதம் கையில் இருந்தால் அதைத் தடுத்து நிறுத்தலாம். எண்ணைக் கவனியுங்கள்!) ஆட்டக்காரர்களிடம் ஒப்பந்தம் இருந்தது. மாமாவிடம் இருந்தது கிழிந்த டிக்கெட்.

இதை வீட்டில் சொன்னபோது அம்மா கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்கு விதை. அம்மா படித்தது அஞ்சாம் கிளாஸ். ஆனால் எங்கள் தெரு மகளிர் சுய உதவிக் குழுவுக்கு ஊக்குநர். வாராவாரம் கூட்டம், வருகைப் பதிவு, தீர்மான நோட்டு, சேமிப்புக் கணக்கு எல்லாம் அவர் கையெழுத்தில்தான் இருக்கும். "அத்தனை பேரு கத்துனீங்களே, உங்க பேரு எந்த நோட்டுல இருக்கு?" என்றார். "நோட்டுல பேரு இல்லன்னா நீ வந்தவன் போனவன்தான்டா." பாலிடெக்னிக்கில் யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

இங்கிலாந்து ரசிகர்கள் செய்ததும் இந்த நோட்டு போடுகிற வேலைதான். நார்தாம்ப்டன் என்பது செருப்புத் தொழிலுக்குப் பேர் போன ஊர். அந்த ஊர் அணி 1992-ல் கடனில் மூழ்கியபோது ரசிகர்கள் கூட்டம் போட்டுப் பணம் திரட்டினார்கள். பணத்தைக் கொண்டுபோய்ச் சும்மா கொடுத்துவிடவில்லை. தங்கள் ஆளான பிரையன் லோமாக்ஸை அணியின் இயக்குநர் குழுவில் உட்கார வைத்தார்கள். அந்த நாட்டின் முதல் 'சப்போர்ட்டர்ஸ் டிரஸ்ட்' அதுதான். விம்பிள்டன் கதை இன்னும் பெரிது. 2002-ல் அணியை சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊருக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்துவிட்டது. "போனால் போகட்டும்" என்று ரசிகர்கள் பொதுத் திடலில் ஆள் தேர்வு வைத்துப் புது அணியே தொடங்கிவிட்டார்கள். ஒன்பதாவது படியில் இருந்து ஏறி, 2011-ல் தேசிய லீக்கான புட்பால் லீக்குக்கு வந்தார்கள். 2020-ல் பழைய தெருவிலேயே, பிளவ் லேனில், சொந்த மைதானம். இன்றும் அணி ரசிகர்களின் டிரஸ்ட் கையில்தான்.

நம் நாட்டிலும் பாருங்கள். கல்கத்தாவின் மோகன் பகான் 1889-ல் தொடங்கியது, உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிற சங்கம். 2020-ல் கால்பந்து அணியின் 80 சதவீதம் ஒரு தொழில் குழுமத்துக்குப் போனது, சங்கத்துக்கு 20. பெயருக்கு முன்னால் 'ஏடிகே' என்று ஒட்டினார்கள். ரசிகர்கள் விடவில்லை. 2023-ல் அந்த மூன்றெழுத்து எடுக்கப்பட்டது.

இப்போது நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் நானும் முதலில் ஏமாந்தேன். 'டிரஸ்ட்' என்ற பேரைப் பார்த்து அறக்கட்டளை என்று நினைத்துவிட்டேன். நம்மூரில் அறக்கட்டளை என்றால் அறங்காவலர்கள் நாலு பேர் முடிவு எடுப்பார்கள், மற்றவர்களுக்கு ஓட்டு கிடையாது. இங்கிலாந்தில் பெரும்பாலான ரசிகர் டிரஸ்டுகள் பெயரில்தான் டிரஸ்ட். பதிவானது கூட்டுறவு போன்ற சங்கமாக. ஒரு பவுன் போட்டவருக்கும் ஓர் ஓட்டு, ஆயிரம் பவுன் போட்டவருக்கும் ஓர் ஓட்டு.

ஆகவே நமக்குப் பொருந்துவது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. அந்தச் சட்டம் ஏற்கும் நோக்கங்களில் விளையாட்டும் ஒன்று. குறைந்தது ஏழு பேர் வேண்டும். நோக்கத்தைச் சொல்லும் அமைப்பு விவரம், நடைமுறைக்கான துணைவிதிகள், இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர். பதவிக் காலம் மூன்று வருஷத்துக்கு மேல் போகக் கூடாது. வருஷம் ஒரு பொதுக்குழு, தணிக்கை செய்த கணக்கு. பதிவு செய்வது சுலபம். வருஷாவருஷம் கணக்குக் கொடுப்பதில்தான் பல சங்கங்கள் படுத்துவிடுகின்றன. இந்த இடத்தில் அம்மா மாதிரி ஒருவர் தேவை.

துணைவிதி எழுதும்போது மூன்றை விடவே கூடாது. ஒருவருக்கு ஓர் ஓட்டுத்தான் என்று எழுத வேண்டும். லாபத்தைப் பிரித்துக்கொள்வதில்லை என்று எழுத வேண்டும். மூன்றாவதுதான் 'சுதந்திரம்': அணியின் முதலாளி, அவருடைய சம்பளக்காரர், இரண்டு பேரும் நிர்வாகக் குழுவில் இருக்கக் கூடாது, அணியிடம் பணம் வாங்கிச் சங்கம் நடத்தக் கூடாது. இலவச டிக்கெட்டும் டி-சர்ட்டும் வாங்கிக்கொண்டு டிரம் அடிப்பவர்கள் ரசிகர் மன்றம். கணக்கு கேட்பவர்கள் சங்கம்.

இதற்கு நம் தொழிலிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. வெட்ஜ்வுட் பிறந்த பர்ஸ்லம் நமக்குப் பாடத்தில் தெரியும். அந்தப் பீங்கான் ஊரின் அணி போர்ட் வேல். 2003-ல், திவால் நிர்வாகத்தில் கிடந்த அந்த அணியை 'வேலியன்ட் 2001' என்ற ரசிகர்கள் குழு வாங்கியது. ஊரே கொண்டாடியது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அவர்களும் முதலாளிகள்தானே! சில வருஷத்தில் மற்ற ரசிகர்கள் அவர்களையே எதிர்த்துப் போராடினார்கள். 2012-ல் அணி மறுபடியும் திவால் நிர்வாகத்துக்குப் போனது. அணியை வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நானும்தான் நினைத்திருந்தேன். வாங்கியவர் நம் ஆளாக இருந்தாலும் கணக்கு கேட்க வெளியே ஒரு சங்கம் நிற்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் நான் விளையாடிய ஓர் அணிக்கு வீட்டுக்கு ஐம்பது ரூபாய் வசூல் செய்து பந்தும் வலையும் வாங்கினோம். ரசீது கிடையாது. பிறகு ஒருவர் ஜெர்சி எடுத்துக் கொடுத்தார். அடுத்த டோர்னமெண்டில் அணியின் பெயரே அவர் பெயராகிவிட்டது. கேட்கப் போனோம். "நீங்க யாருப்பா?" என்றார். பதில் சொல்ல எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

இந்தத் தடவை நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கியாச்சு. முதல் பக்கத்தில் அம்மா கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்: வரிசை எண், பெயர், தொகை, கையெழுத்து. எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, என் கையெழுத்து இரண்டாவது. இதுவரை ஐந்து பேர். இன்னும் இரண்டு பேர் வேண்டும். நல்லூர், விருத்தாசலம் பக்கத்து நண்பர்கள் இரண்டாம் ஆண்டு வகுப்பில் என்னைப் பார்க்கவும். பேனா நான் கொண்டு வருகிறேன்.