கான்கிரீட் வீட்டில் ஏணை கட்டுவது எப்படி?

எல்லாரும் பண்டிகை, பொன்மொழி, விடுகதை எழுதுகிறார்கள். நான் ஏணை பற்றி எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம். ஏணை கட்டுவதிலும் அறிவியல் இருக்குது.

நாம் ஏணை என்று சொல்வதை வேறு ஊர்க்காரர்கள் தூளி என்றும் தொட்டில் என்றும் சொல்வார்கள். கோடை விழா சமயத்தில் மலைக்கு வருகிறவர்கள் இரண்டு மரத்துக்கு நடுவில் வலை கட்டிப் படுப்பார்களே, அதற்கு ஹாமக் என்று பெயர். 1492-ல் கொலம்பஸ் கரீபியன் தீவுகளுக்குப் போனபோது அங்கிருந்த மக்கள் அதில்தான் தூங்கினார்களாம். பிறகு கப்பல்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். நம்ம ஏணையும் அதுவும் சொந்தக்காரர்கள் மாதிரி. ஆனால் கட்டும் விதம் வேறு. அந்த வித்தியாசம் தெரியாமல்தான் எங்கள் வீட்டில் தப்பு நடந்தது.

அக்கா பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பழைய வீடு மண் சுவர், புல் கூரை. அதில் உத்திரத்தின் மேல் கயிற்றைப் போட்டுப் புடவையைக் கட்டினால் வேலை முடிந்தது. நானும் அதில்தான் வளர்ந்தேன். இப்போது இருப்பது கான்கிரீட் வீடு. மேலே பார்த்தால் ஒரு ஃபேன் கொக்கி மட்டும் இருக்குது, அதில் ஃபேன் சுற்றுகிறது. தளம் போட்ட அன்னைக்கு எல்லாரும் கேசரி சாப்பிட்டோமே தவிர, ஏணைக்கு ஒரு கொக்கி விடணும் என்று யாருக்கும் தோணலை.

அப்பா எதிர் எதிர் சுவரில் ஓட்டை போட்டு, பிளாஸ்டிக் கட்டை அடித்து, ஆளுக்கு ஒரு கொக்கி முடுக்கினார். இரண்டுக்கும் நடுவில் கயிற்றை விறைப்பாக இழுத்து, நடுவில் புடவையைக் கட்டினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆயாதான் விடவில்லை. "புள்ளையைப் போடறதுக்கு முன்னால மூட்டையைப் போடுடா" என்றது. பத்து கிலோ அரிசியை வைத்து நாலு தடவை ஆட்டினோம். ஐந்தாவது தடவை ஒரு பக்கக் கொக்கி கட்டையோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. அரிசி வீடு முழுக்கக் கொட்டியது. அக்கா ஒண்ணும் பேசாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரலை.

பத்து கிலோவுக்கே ஏன் பிடுங்கியது என்று மறுநாள் அறிவியல் சாரிடம் கேட்டேன். சார் இரண்டு வில் தராசுகளையும் ஒரு கிலோ எடைக்கல்லையும் கொண்டுவரச் சொன்னார். இரண்டு தராசையும் பக்கத்துப் பக்கத்தில் நேராகப் பிடித்தால் ஒவ்வொன்றும் அரை கிலோ காட்டியது. மெதுவாக விலக்கினோம். இரண்டு நூலுக்கும் நடுவில் 120 டிகிரி வந்தபோது ஒவ்வொன்றும் ஒரு கிலோ காட்டியது! கல் அதே கல்தான். இன்னும் விலக்கி 160 டிகிரி ஆனபோது ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.9 கிலோ. என் கை நடுங்கியது. நூலை முழு நேர்க்கோடாக ஆக்க எவ்வளவு இழுத்தாலும் முடியாது, கல் கொஞ்சமாவது தொங்கத்தான் செய்யும் என்றார் சார்.

அப்பா விறைப்பாகக் கட்டிய கயிறு கிட்டத்தட்ட அந்த 160 டிகிரிதான். அப்படியானால் பத்து கிலோ அரிசிக்கு ஒவ்வொரு கொக்கியிலும் 29 கிலோ இழுப்பு. அதுவும் கீழே அழுத்தும் விசை இல்லை, சுவரிலிருந்து வெளியே பிடுங்கும் விசை. ஆட்டும்போது இன்னும் கூடும். 60 டிகிரி உயரத்துக்கு வீசி ஆட்டினால், கீழே வரும் நேரத்தில் கயிறு இரண்டு மடங்கு எடையைத் தாங்க வேண்டும். தம்பி தங்கைகள் ஏணையை வேகமாக ஆட்டுவார்கள் இல்லையா, அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் தெரிந்தது. கான்கிரீட் வீடு என்கிறோம், ஆனால் சுவர் கான்கிரீட் இல்லை. தளம், பீம், தூண், கதவு ஜன்னலுக்கு மேலே இருக்கும் லிண்டல், இவைதான் கான்கிரீட். சுவர் செங்கல் அல்லது ஹாலோ பிளாக், மேலே பூச்சு. எங்கள் ஓட்டையிலிருந்து சிவப்புத் தூள் கொட்டியது, அதனால் அது செங்கல். கான்கிரீட்டாக இருந்தால் சாம்பல் நிறத் தூள் வரும், டிரில்லிங் மிஷினும் திணறும். ஹாலோ பிளாக் உள்ளே காலி. அதில் கட்டை அடிப்பது காற்றில் ஆணி அடிப்பது மாதிரிதான்.

கான்கிரீட்டே கூட அழுத்தினால்தான் பலசாலி. எம் 20 என்கிற கலவை ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்கும். இழுத்தால் சுமார் அதில் பத்தில் ஒரு பங்குதான். அதற்காகத்தான் உள்ளே கம்பி கட்டுகிறார்கள்.

இதைக் கேட்டதும் வழி கிடைத்தது. சுவரைப் பிடுங்கும்படி கட்டாமல், சுவரை அழுத்தும்படி கட்ட வேண்டும். மேஸ்திரி மாமா வந்து, அறைச் சுவருக்கும் சமையல்கட்டுச் சுவருக்கும் நடுவில் நாலு அடி இடைவெளி உள்ள இடத்தைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு சுவரிலும் நாலு அங்குல ஆழத்துக்குக் குழி வெட்டி, ஒன்றரை இன்ச் ஜி.ஐ. பைப்பை உள்ளே உட்கார வைத்து, சிமெண்ட் வைத்து அடைத்தார். ஏழு நாள் தண்ணீர் ஊற்றினோம். அந்த ஏழு நாளும் அக்காவுக்குத் தூக்கம் இல்லை, மடியே ஏணை. இப்போது எடை பைப்பில் இறங்கி, பைப் சுவரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பழைய வீட்டு உத்திரமும் இதைத்தானே செய்தது!

பைப் வைக்க இடம் இல்லாதவர்கள் தளத்திலோ பீமின் பக்கவாட்டிலோ இரும்பு ஆங்கர் போல்ட் போடலாம். பீமின் பக்கவாட்டு நல்லது, ஏனென்றால் அங்கே எடை போல்ட்டைக் குறுக்கே அழுத்தும், நேராகப் பிடுங்காது. விளிம்புக்குப் பக்கத்திலும் விரிசல் இருக்கும் இடத்திலும் போடக் கூடாது. தளத்துக்குள் கரண்ட் பைப் ஓடும், அதனால் தெரிந்தவரை வைத்துத்தான் ஓட்டை போட வேண்டும். ஓட்டைக்குள் தூள் இருந்தால் போல்ட் சரியாகப் பிடிக்காது, ஊதி எடுக்கணும். எஸ் கொக்கி வேண்டாம், ஆட்டும்போது நழுவும். மூடிய வளையம் போடுங்கள். ஃபேன் கொக்கியில் ஃபேனோடு சேர்த்துக் கட்டவே கட்டாதீர்கள்.

இப்போது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. நம் மலையிலும் கூரை வீடுகள் குறைந்துகொண்டு வருகின்றன. தளத்துக்குக் கம்பி கட்டும்போதே ஒரு 12 மில்லிமீட்டர் கம்பியை வளைத்து, அதன் இரண்டு முனையையும் கம்பி வலைக்கு மேலே மாட்டி, வளைவு மட்டும் கீழே தெரியும்படி விடச் சொல்லுங்கள். ஒரு துண்டுக் கம்பிதான் செலவு. நாங்கள் கேட்காமல் விட்டது அதைத்தான்.

கயிறு பைப்பில் நகராமல் இருக்க, சாக்குத் துணி சுற்றி அதன் மேல் இரண்டு சுற்று போட்டுக் கட்டினோம். நைலான் கயிற்றில் முடிச்சு வழுக்கும். புடவை நூல் புடவையாக இருக்கட்டும், நைந்ததாக இருக்கக் கூடாது. தரையிலிருந்து முழங்கால் உயரம் போதும், கீழே பாய் விரியுங்கள். குழந்தையின் தாடை மார்பில் ஒட்டினால் மூச்சு விடச் சிரமம், அதனால் முகத்தை அடிக்கடி பார்க்க வேண்டும்.

முக்கியமானது ஒன்று. ஏணையில் விளையாடிப் புடவையை முறுக்கியபோது கழுத்து மாட்டி இறந்த பிள்ளைகள் பற்றிச் செய்தித்தாளில் அவ்வப்போது வருகிறது. அவர்கள் கைக்குழந்தைகள் இல்லை, நம் வயது, நம் தம்பி தங்கை வயதுப் பிள்ளைகள். கொக்கி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் இதைத் தடுக்காது. அதனால் குழந்தையை எடுத்தவுடன் நான் புடவையைச் சுருட்டிப் பைப்புக்கு மேலே போட்டுவிடுகிறேன். பக்கத்து வீட்டுப் பையன் என்னைத் திட்டுகிறான். திட்டட்டும்.

எட்டாவது நாள் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டோம். காலையில் மேஸ்திரி மாமா பைப்பின் இரண்டு முனையையும் தட்டிப் பார்த்தார். பூச்சில் ஒரு கீறல் கூட இல்லை. ஆயா மூட்டையை இறக்கச் சொல்லிவிட்டுத் தானே குழந்தையைப் போட்டது.

பைப் எப்படிப் பதித்திருக்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் பள்ளி விட்டதும் என்னோடு வரலாம். குழந்தை தூங்கும் நேரம், சத்தம் போடாமல் வரவும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி