கோபர்கைரனேயில் அன்றாட மராத்தி

அன்றாட ஆங்கிலச் சொற்களுக்கு மராத்தி தேடும் தமிழர்கள், ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று பட்டியல் போட்டுத்தான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். கோபர்கைரனேயில் அந்தப் பட்டியல் வெகுதூரம் செல்லாது. 1970இல் தொடங்கப்பட்ட நகரமைப்பு நிறுவனமான சிட்கோ, செக்டர் செக்டராகப் பிரித்து அமைத்த நவி மும்பையின் ஒரு பகுதி இது. தானேயையும் வாஷியையும் இணைக்கும் ரயில் பாதையில் இருக்கிறது. மண்ணின் மக்களான ஆக்ரி, கோளி சமூகத்தாரும், மொத்தச் சந்தையில் மூட்டை சுமக்கும் மாத்தாடித் தொழிலாளர் குடும்பங்களும் இங்கே வாழ்கிறார்கள். கடைத்தெருவில் இந்தியை வைத்து ஓட்டிவிடலாம். மாநகராட்சி ரசீது மராத்தியில்தான் வரும்.

ஆங்கிலத்தை நடுவில் நிறுத்தாமல் தமிழிலிருந்து நேராக மராத்திக்குப் போவது எளிது. ஆங்கிலத்தில் ‘ரைஸ்’ ஒரே சொல். தமிழில் நெல், அரிசி, சோறு என மூன்று. மராத்தியில் மளிகைக் கடையில் இருப்பது ‘தாந்தூள்’, தட்டில் விழுவது ‘பாத்’. வயலில் நிற்கும் பயிருக்கும் ‘பாத்’ என்றே பெயர். அரிசி வாங்கப் போய் ‘ஏக் கிலோ பாத்’ கேட்பது, தமிழ்நாட்டு மளிகைக் கடையில் ஒரு கிலோ சோறு கேட்பது போலத்தான். ‘வாங்கிபாத்’ சாப்பிட்டவர்களுக்குக் கத்தரிக்காயும் சோறும் மராத்தியில் ஏற்கெனவே தெரியும்.

சுவைகளும் அப்படியே. ஆங்கிலத்தில் ‘ஹாட்’ என்றால் சூடா, காரமா என்று கேட்க வேண்டும். மராத்தியில் சூடு ‘கரம்’, காரம் ‘திகட்’. ஆறு சுவைக்கும் வீட்டுப் பேச்சிலேயே சொல் உண்டு: இனிப்பு ‘கோட்’, புளிப்பு ‘ஆம்பட்’, கசப்பு ‘கடூ’, துவர்ப்பு ‘துரட்’, உப்புக்கரிப்பு ‘காரட்’. இந்தி தெரிந்தவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இந்தியில் ‘மீட்டா’ இனிப்பு; மராத்தியில் ‘மீட்’ உப்பு. ‘காரட்’ காதுக்குக் காரம் போலக் கேட்கும். உப்பு கூடிவிட்டது என்பதே பொருள்.

அளவுகளில் கால் கிலோ ‘பாவ்’, முக்கால் ‘பாவுண்’, ஒன்றரை ‘தீட்’, இரண்டரை ‘அடீச்’. முழு எண்ணோடு முக்கால் சேர்ந்தால் கணக்கு மாறும்: நாலே முக்காலை மராத்தியில் ‘பாவணே பாச்’, அதாவது கால் குறைந்த ஐந்து என்பார்கள். இந்தியில் நேற்றும் நாளையும் ‘கல்’தான், மராத்தியில் நேற்று ‘கால்’, நாளை ‘உத்யா’. ஆனால் ‘பர்வா’ என்பது முந்தாநாளுக்கும் பொருந்தும், நாளை மறுநாளுக்கும் பொருந்தும். எது என்பதை வினைச்சொல்தான் காட்டும்.

தமிழருக்குப் பெரிய உதவி ‘நாம்–நாங்கள்’ வேறுபாடு. ஆங்கிலத்திலும் இந்தியிலும் அது இல்லை. மராத்தியில் கேட்பவரையும் சேர்த்தால் ‘ஆபண்’, சேர்க்காவிட்டால் ‘ஆம்ஹீ’. உறவுமுறையும் ‘அங்கிள், ஆன்ட்டி’யில் அடங்காது: அப்பாவின் தம்பி ‘காக்கா’, அம்மாவின் தம்பி ‘மாமா’, அப்பாவின் தங்கை ‘ஆத்யா’, அம்மாவின் தங்கை ‘மாவ்ஷி’. கீரை விற்கும் பெண்ணை ‘மாவ்ஷி’ என்றோ ‘தாயி’ (அக்கா) என்றோ அழைக்கலாம். ‘தாதா’ என்றதும் ரவுடி நினைவுக்கு வர வேண்டியதில்லை. அண்ணன் என்பதே அதன் முதற்பொருள்.

விடைபெறும்போது ‘போகிறேன்’ என்பது தமிழ்க் காதுக்கு உறுத்தும். மராத்தியிலும் ‘யேதோ’, வருகிறேன் என்பதே வழக்கு. ஆண் ‘யேதோ’ என்பார், பெண் ‘யேதே’ என்பார். தன்மை வினையிலும் பால் காட்டுவது தமிழில் இல்லாத ஒன்று. தனியாகப் பழக வேண்டும்.

உச்சரிப்பில் ‘ள’வும் ‘ண’வும் தமிழருக்கு உழைக்காமல் கிடைத்தவை. இந்தியில் ‘தால்’, மராத்தியில் ‘டாள்’. இந்தியில் ‘பானீ’, மராத்தியில் ‘பாணீ’. சிக்கல் தமிழ் எழுத்தில் குறித்து வைப்பதில்தான். சொத்துவரி ரசீதில் ‘மால்மத்தா கர்’ என்று இருக்கும். அந்தக் ‘கர்’ வரி. வீட்டுக்கும் தமிழ் எழுத்தில் ‘கர்’ என்றுதான் எழுத முடியும், ஒலி வேறு. தேவநாகரியில் இரண்டுக்கும் எழுத்து வேறு. ஊர்ப்பெயரின் கடைசி எழுத்தும் அதில் ‘ணே’தான்.

தேவநாகரி தெரிந்துவிட்டால், உள்ளூர் ரயிலில் மூன்று மொழிகளில் வரும் ‘அடுத்த நிலையம்’ அறிவிப்பும் கடைப் பலகைகளும் பாடமாகும். காதில் விழுந்த புதுச்சொல்லைச் சரிபார்க்க, மோல்ஸ்வொர்த் 1831இல் வெளியிட்ட மராத்தி–ஆங்கில அகராதி இன்றும் உதவும். நோட்டில் ஆங்கிலத்துக்கு எதிரே மராத்தியை எழுதாமல், தமிழ் வாக்கியத்துக்கு எதிரே மராத்தி வாக்கியத்தைத் தேவநாகரியிலேயே எழுதிப் பழகுங்கள்.